தானமா, அமானிதமா?

ஒரு சொல் நம்மை நெடுங்காலமாக ஏமாற்றி வருகிறது. ‘தானம்’ என்பதே அச்சொல். தொற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு குழுவினர் ஊருக்குள் வருகிறார்கள். வீடு வீடாகச் சென்று வயதையும் வந்த நோயையும் உண்ட மருந்தையும் கேட்டு எழுதுகிறார்கள். ஒரு குப்பி இரத்தமோ, சிறு டப்பாவில் சளியோ பெற்றுக் கொள்கிறார்கள். ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்கிறார்கள். “நீங்கள் செய்தது பெரிய தானம்” என்று நன்றியும் கூறிச் செல்கிறார்கள். நம் மனமும் குளிர்ந்து போகிறது. தானம் என்று ஆன பிறகு அதைப் பற்றிக் கேள்வி கேட்கலாமா? கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது இழுக்கல்லவா? இவ்வாறு ஒரு நல்ல சொல்லே நம் வாயை அடைத்து விடுகிறது.

நாம் சொல்ல விழைவது இதுதான்: ஆராய்ச்சிக்காக நாம் ஒப்படைக்கும் இரத்தமும் சளியும் தானம் அல்ல; அமானிதம். தானம் கைமாறியதும் கொடுத்தவருடைய உரிமை முடிந்து விடுகிறது. அமானிதமோ எவர் கையில் இருந்தாலும், எத்தனை ஆண்டுகள் இருந்தாலும், உடையவருக்கே உரியது. பெற்றுக் கொண்டவர் அதைக் காக்க வேண்டும். எக்காரியத்துக்கென்று சொல்லிப் பெற்றாரோ அக்காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும். தன்னுடையதென்று விற்கவும், கேளாமல் பிறரிடம் கொடுக்கவும் அவருக்கு உரிமையில்லை. கடல் கடந்து வாணிபம் செய்யச் சென்றவர்கள் தம் நகையையும் பணத்தையும் பத்திரங்களையும் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் சென்ற வழக்கம் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. அச்சொல்லின் கனத்தை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் சொன்னால் இரு சாராரும் நம்மீது சினங்கொள்வர் என்பதை அறிவோம். “ஊசியும் வேண்டாம், தாளும் வேண்டாம், எவர் வந்தாலும் கதவைச் சாத்து” என்பார் ஒரு சாரார். “இது உலக நன்மைக்கான காரியம், நிபந்தனை பேசினால் ஆராய்ச்சி நின்று போகும்” என்பார் மறு சாரார். இரு சாராருக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் கதவைச் சாத்துவோரிடம் பேசுவோம். 1956-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து அதை அமைத்தன. சயரோகம் என்றாலே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும், நல்ல காற்றும் நல்ல உணவும் முழு ஓய்வும் இன்றிப் பிழைக்க இயலாது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அந்நிலையத்தார் நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவினராக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டுக் காலம் கொடுத்தனர். 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பற்றவும் இல்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான காசநோயாளிகள் பிள்ளை குட்டிகளைப் பிரியாமல் வீட்டிலிருந்தே குணம் பெற வழி திறந்தது அந்த ஆய்வே. அன்று சென்னையின் ஏழைகள் கதவைச் சாத்தியிருந்தால் அவ்வழி திறந்திருக்குமா?

சேமித்து வைப்பதன் பயனுக்கும் ஒரு சான்று கூறுவோம். 1959-இல், அன்றைய பெல்ஜிய காங்கோவின் லியோபோல்ட்வில் நகரில், இன்று கின்ஷாசா எனப்படும் ஊரில், ஒரு மனிதரிடமிருந்து வேறோர் ஆராய்ச்சிக்காக எடுக்கப்பட்ட இரத்தம் பத்திரமாக வைக்கப்பட்டது. எய்ட்ஸ் என்ற பெயரே பிறவாத காலம் அது. 1980-களில் அவ்விரத்தத்தைச் சோதித்தபோது எச்.ஐ.வி. கிருமியின் தடயம் தென்பட்டது. 1998-இல் அக்கிருமியின் மரபணுத் துணுக்குகளைப் படித்த அறிஞர்கள், உலகம் அறிவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அந்நோய் மனிதரிடையே புகுந்து விட்டது என்பதை நிறுவினர். ஒரு சிறு குழாய் இரத்தம் ஒரு கொள்ளைநோயின் வரலாற்றையே திருத்தி எழுதியது. ஆனால் அந்த மனிதர் யார், அவருக்கு மனைவி மக்கள் இருந்தனரா, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த வரலாறு சொல்வதில்லை. அவரை அது ஓர் எண்ணாகவே குறிக்கிறது.

இந்த இரு சான்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி நமக்குத் தேவை. ஆனால் நம் இரத்தம் வெறும் எண்ணாகி விடக் கூடாது.

அப்படியானால் நாம் எதை ஒப்படைக்கிறோம் என்பதை அறிய வேண்டாமா? ஆய்வுக்கூடத்துக்குச் சென்ற குப்பியைச் சுழற்பொறியில் இட்டுச் சுழற்றுகிறார்கள். மேலே தெளிந்த நீரும், அடியில் சிவப்பணுக்களும், இரண்டுக்கும் இடையே மெல்லிய வெண்படலமும் பிரிகின்றன. தெளிந்த நீரில் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. நம் உடல் எந்தெந்த நோயோடு போராடியது என்று அவை சொல்லும். வெண்படலத்தில் மரபணு இருக்கிறது. அது நம்மை மட்டுமன்றி, நம் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் பற்றிப் பேசும். இவற்றைச் சிறு குழாய்களில் பங்கிட்டு, பெயருக்குப் பதிலாக எண்ணொட்டி, மைனஸ் 80 டிகிரிக் குளிர்ப்பெட்டியிலோ, அதனினும் குளிர்ந்த திரவ நைட்ரஜன் தொட்டியிலோ வைக்கிறார்கள். கொடுத்தவர் மறைந்து பேரப்பிள்ளைகள் தலையெடுத்த பின்பும் அவை அங்கேயே இருக்கக் கூடும். ஆகவே அத்தாளில் ஒருவர் இடும் கையொப்பம் ஒரு குடும்பத்தின் காரியம். அதை ஒரு நிமிடத்துச் சடங்காக முடித்துக் கொள்வது எவ்வகையில் நியாயம்?

அமானிதம் முறிந்ததாக மக்கள் நம்பி விட்டால் என்ன நேரும் என்பதற்கு நைஜீரியாவின் கானோ நகரம் சாட்சி. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் அந்நகரில் 1996-ஆம் ஆண்டு மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. ஃபைசர் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனத்தார் அங்கு வந்து, ஏறத்தாழ 200 குழந்தைகளைச் சேர்த்து, பாதிப்பேருக்கு டிரோவன் என்ற தம் புதிய மருந்தையும், மறு பாதிக்கு ஏற்கெனவே வழக்கிலிருந்த மருந்தையும் கொடுத்தார்கள். இரு பிரிவிலுமாக 11 குழந்தைகள் இறந்தன. இது சோதனை என்றே எங்களிடம் சொல்லவில்லை என்றனர் பெற்றோர். வாய்மொழியாக ஒப்புதல் பெற்றோம், உயிர் போனது நோயினால்தான் என்றது நிறுவனம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2009-இல், குற்றத்தை ஏற்காமலேயே, கானோ மாநிலத்துடன் 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு நிறுவனம் உடன்பாடு செய்து கொண்டது. இழப்பீடு கேட்டு வந்த குடும்பங்களிடம், நீங்கள்தாம் அக்குழந்தைகளின் குடும்பத்தார் என்று காட்ட டி.என்.ஏ. சோதனைக்கு மாதிரி தர வேண்டும் என்று கூறப்பட்டது. ஒருமுறை நம்பிக் கொடுத்து நொந்தவர்களிடம் மறுபடியும் உடலிலிருந்து ஒன்றைக் கேட்டார்கள்! 2011-இல்தான் முதல் நான்கு குடும்பங்கள் பணம் பெற்றன.

கதை அத்தோடு முடியவில்லை. 2003-இல் இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தை ஏற்க மாட்டோம் என்று கானோ மறுத்தது. மலடாக்கும் மருந்து அது என்ற வதந்திக்கு 1996-இன் நினைவு உரமிட்டது. ஏறத்தாழ ஓராண்டு மருந்து நின்றது. நைஜீரியாவில் குழந்தைகள் கால் முடங்கின. அக்கிருமி எல்லை கடந்து பல நாடுகளுக்கும் பரவியது. கதவைச் சாத்துவோரே, அந்தப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்! நிபந்தனை வேண்டாம் என்போரே, அந்தக் கதவைச் சாத்த வைத்தது எது என்பதையும் எண்ணிப் பாருங்கள்! வாக்குப் பிசகியவர்கள் ஒரு பக்கம். வதந்தியை நம்பியவர்கள் மறுபக்கம். முடமானதோ, இரண்டிலும் பங்கில்லாத குழந்தை.

இனி, நிபந்தனை பேசினால் ஆராய்ச்சி நின்று விடும் என்போரிடம் இந்தோனேசியாவைக் காட்டுவோம். 2005-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு மக்களை எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் தாக்கியது. அங்கு நோய் கண்டதாக உறுதியான 200 பேரில் 168 பேர் மாண்டனர். அவர்களிடமிருந்து எடுத்த கிருமி மாதிரிகளை இந்தோனேசியா உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி வந்தது. 1952 முதல் நடைபெற்று வரும் ஏற்பாடு அது. கொடுத்த நாட்டின் அனுமதியின்றி அந்த வட்டத்துக்கு வெளியே மாதிரியைக் கொடுக்கலாகாது என்று அந்நிறுவனமே விதி வகுத்திருந்தது. இருந்தும், தன் நாட்டுக் கிருமியைக் கொண்டு ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி செய்து வருகிறது என்ற செய்தியை இந்தோனேசியா பின்னர்தான் அறிந்தது. கிருமி கொடுத்த நாடு, அதிலிருந்து பிறக்கும் தடுப்பூசியை விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கவும் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும்!

அப்போது அந்நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்தவர் சித்தி ஃபாதிலா சுபாரி என்ற பெண்மணி. இதய நோய் மருத்துவர். இனி மாதிரி அனுப்ப மாட்டோம் என்று 2007-இல் அவர் உலகறியச் சொன்னார். பணக்கார நாடுகள் கொதித்தெழுந்தன. உலகின் பாதுகாப்பையே பணயம் வைக்கிறார் என்று ஏசின. அவர் கூறியதெல்லாம் சரியென்று நாம் வாதாட வரவில்லை. அக்கிருமியைக் கொண்டு போர்க்கருவி செய்யக் கூடும் என்று அவர் எழுப்பிய ஐயத்துக்குச் சான்று காட்டப்படவில்லை. பின்னாளில், 2017-இல், மருத்துவக் கருவிகள் வாங்கிய ஊழல் வழக்கில் அவர் தண்டனையும் பெற்றார். மாதிரியைத் தடுத்து வைத்த காலத்தில் நோய்க் கண்காணிப்புக்கு இடையூறு நேர்ந்ததும் மெய்யே. ஆயினும், கேட்டவர் குறையுள்ளவர் என்பதால் கேள்வி பொய்யாகி விடுமா? அக்கேள்விக்கு உலகம் விடை சொல்லியே தீர வேண்டியதாயிற்று. நான்காண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 2011 மே மாதம் உலக சுகாதார மாநாடு ஒரு புதிய ஏற்பாட்டை நிறைவேற்றியது. காய்ச்சல் கிருமியைப் பயன்படுத்தும் மருந்து நிறுவனங்கள், அக்கண்காணிப்பு வலையை நடத்தும் செலவில் பாதியளவை ஆண்டுதோறும் சேர்ந்து ஏற்க வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் தம் உற்பத்தியில் ஒரு பகுதியை ஏழை நாடுகளுக்கென்று ஒதுக்க ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றாயிற்று. ஆராய்ச்சி நின்றதா? இல்லை. நியாயமான நிபந்தனையின்மீது நடந்து வருகிறது.

நிபந்தனை இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கூறி விடுவோம். 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா 11,300-க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டு போயிற்று. நோயைக் கண்டறிவதற்கென எடுத்த இரத்த மாதிரிகள் ஆயிரக்கணக்கில் அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றன. ஆராய்ச்சிக்கு வைத்துக் கொள்ளலாமா என்று கொடுத்தவர் பலரிடம் எவரும் கேட்கவில்லை. அதே நோய்க்கு இன்று கைகண்ட மருந்துகளுள் ஒன்று, 1995-இல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலாவிலிருந்து பிழைத்த ஒருவர் பதினோராண்டுகளுக்குப் பின் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள். 2018-இல் காங்கோவிலேயே தொடங்கிய சோதனையில், பழைய மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இறக்க, இதைப் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினரே இறந்தனர். எத்துணை பெரிய அருட்கொடை! 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்று அது ஒரு தனியார் நிறுவனத்தின் மருந்தாயிற்று. அதன் இருப்பில் பெரும்பகுதி அமெரிக்காவின் சேமிப்பில் முடங்கியிருக்கிறது, நோய் வரும் நாடுகளுக்கு எட்டுவதில்லை என்று ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினர் பிற்பாடு முறையிட்டனர். இரத்தம் காங்கோவினுடையது, சோதனைக்கு உடல் கொடுத்தவர்களும் காங்கோ மக்களே. இதைத் தானம் என்று சொன்னால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அமானிதம் என்று சொன்னால் கணக்குக் கேட்கலாம்.

2025 மே மாதம் உலக நாடுகள் கொள்ளைநோய் உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றின. கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசி, மருந்து உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்வது, அதில் பாதியையேனும் இலவசமாகத் தருவது என்ற இலக்கு அதில் இடம்பெற்றது. ஆனால் மாதிரியைக் கொடுப்பதையும் பயனைப் பங்கிடுவதையும் விவரமாக வகுக்கும் பகுதியைப் பின்னொரு பேச்சுவார்த்தைக்கு ஒதுக்கி வைத்தே அது நிறைவேறியது. எங்கே முடிச்சு விழுகிறது என்பதைப் பாருங்கள். கிருமியைத் தாருங்கள் என்பதில் எவருக்கும் தயக்கமில்லை. என்ன திருப்பித் தருவீர்கள் என்னும்போதுதான் தயக்கம்.

நம் நாட்டு நிலை என்ன? இங்கே நாம் மகிழ்வோடு ஒன்றைச் சுட்டுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், மாதிரி கொடுத்தவரே அதன் உரிமையாளர் என்றும், மாதிரி வங்கி அதன் காப்பாளர் மட்டுமே என்றும் கூறுகின்றன. கொடுத்தவர் விரும்பினால் திரும்பப் பெற்றுக் கொள்ளவும் வழி வைத்திருக்கின்றன. நாம் அமானிதம் என்று சொன்னதும் இதைத்தானே? ஆயினும் ஏட்டில் உள்ள விதி நம் வீட்டு வாசலுக்குத் தானாக நடந்து வராது. வக்ஃபு செய்தவர் பள்ளிக்கூடத்துக்கென்று எழுதி வைத்த நிலத்தை முதவல்லி கடையாக்கி வாடகைக்கு விட்டால், பத்திரம் சரியாக இருக்கிறதென்று நாம் வாளாவிருப்போமா? அதே விழிப்பு இங்கும் வேண்டும்.

இவ்வளவும் பிறரைப் பற்றிப் பேசினோம். நம் குறையையும் மறைக்காமல் சொல்வோம். நம் வீடுகளில் அந்தத் தாள் வரும்போது என்ன நடக்கிறது? வீட்டுப் பெண்ணின் இரத்தத்துக்கு ஆண் தலையசைக்கிறார். அவர் கை காட்டிய இடத்தில் அவள் கையொப்பம் இடுகிறாள். ஜமாஅத் தலைவர் சரியென்று சொல்லி விட்டால் தெருவே வரிசையில் நிற்கிறது. அவர் வேண்டாமென்றால் தெருவே கதவடைக்கிறது. அதே நெறிமுறைகள், ஊர்த் தலைவரின் இசைவு தனி மனிதரின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்று தெளிவாகச் சொல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற ஒரு சாட்சியின் முன்னிலையில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்கின்றன. பெற்றோர் சம்மதித்தாலும், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும் என்கின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்கு அரசு அளித்த மதிப்பை, நாற்பது வயது மனைவிக்கு அளிக்க நமக்கு என்ன தடை? ஆராய்ச்சியாளர்கள் நம்மை எண்ணாக்குகிறார்கள் என்று குறைகூறும் நாம், நம் வீட்டுப் பெண்களை என்னவாக்கி வைத்திருக்கிறோம்? அவள் உடலின் அமானிதம் அவள் நாவினால்தான் ஒப்படைக்கப்பட வேண்டும்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் கூறுவது: எவரேனும் மாதிரி கேட்டு வந்தால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இவற்றைக் கேளுங்கள். இந்த ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது? எந்த நோயைப் பற்றியது? சோதித்து முடிந்ததும் மீதியை அழித்து விடுவீர்களா, சேமிப்பீர்களா? சேமித்தால் எங்கே, எத்தனை ஆண்டு? நாளை வேறோர் ஆய்வுக்கு எடுப்பதானால் மீண்டும் எங்களிடம் கேட்பீர்களா? நாட்டை விட்டு வெளியே அனுப்புவீர்களா? எங்கள் உடலில் ஒரு நோய் இருப்பது தெரிந்தால் எங்களிடம் சொல்லிச் சிகிச்சைக்கும் வழி செய்வீர்களா? நாங்கள் விலகிக் கொள்ள நினைத்தால் எவரிடம் சொல்ல வேண்டும்? இதிலிருந்து மருந்து பிறந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுமா? நேர்மையான ஆராய்ச்சியாளர் இக்கேள்விகளால் வருந்த மாட்டார். அவருடைய தாளிலேயே இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விடை இருக்கும். விடை சொல்லத் தயங்குவாராயின் அத்தயக்கமே உங்களுக்கு விடை.

மஹல்லா தோறும் உள்ள படித்த இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிலப் பத்திரத்தைப் படித்துக் காட்ட முன்வரும் நீங்கள், இந்த ஒப்புதல் தாளையும் முதியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். கொடு என்றோ கொடுக்காதே என்றோ நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். புரிய வைத்தால் போதும். புரிந்து கொண்டு மறுப்பவரை எவரும் பழிக்கலாகாது. புரிந்து கொண்டு கொடுப்பவரோ, சென்னையின் அந்த 193 பேரைப் போல, தாம் காணாத மனிதர்களின் உயிரைக் காக்கப் புறப்பட்டவர். அவர் ஒப்படைத்ததற்குக் கணக்குக் கேட்க அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உரிமையுண்டு என்பதை மட்டும் நாம் ஒருநாளும் விட்டுக் கொடுக்கலாகாது.